குழூஉக்குறி

நிமலதாசன் கடிதத்தை மேசையில் வைக்கிறார்.
மடிப்பில் தக்காளிச் சோஸ்.
இத்தாலியன் கடையில் கோப்பை கழுவிவிட்டு
நேரே வந்திருக்கிறார், விரல்கள் ஊறிப்போய்.
"இதிலை சுதந்திரம் எண்டொரு சொல் கிடக்கு, அக்கா.
விடுகினமோ?"

கிடக்கிறதுதான்.
எர்சாட்ஸ்-ஃப்ரைஹைட்ஸ்-ஸ்ட்ராஃப.
பெட்டிகள் கோத்த ரயில் மாதிரி ஒரு சொல்.
நடுப்பெட்டியில் சுதந்திரம்
சன்னலோரம் உட்கார்ந்திருக்கிறது.
முன்பெட்டி 'பதில்', பின்பெட்டி 'தண்டனை'.
பதினொரு வருட ஜெர்மனில்
அவர் ஆசையாகக் கற்ற சொல் அந்த நடுப்பெட்டி.

இனி நான் சொல்ல வேண்டும்.
மொழிபெயர்ப்பாளர், மணிக்கு இவ்வளவு என்று.

முதல் கடிதம் வந்தது போன மாரியில்,
வுப்பர்டாலின் தொங்கு ரயிலில்
டிக்கெட் இல்லாமல் அவர் பிடிபட்டபோது.
அபராதம் என்று அதில் எங்கும் இல்லை.
'உயர்த்தப்பட்ட பயணக் கட்டணம்', அறுபது யூரோ.
ஏதோ இவரை மட்டும் மெத்தையில் இருத்தி
முகிலுக்குள்ளால் கொண்டுபோன மாதிரி.

மூன்று தடவை உயர்ந்தார்.
பிறகு நீதிமன்றம்:
முப்பது 'நாள்வீதம்', வீதம் இருபது.
கூலிக் கணக்காக்கும் என்று
சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்.

இப்போது இது.
அறுநூறு கட்டாததற்குப் பதினைந்து நாள்.
'நிறுவனத்துக்கு வரும்படி அழைக்கிறோம்.
சுத்தமான உள்ளாடைகள் எடுத்து வரவும்.
உணவுப் பொருட்களைத் தவிர்க்கவும்.
நட்பார்ந்த வணக்கங்களுடன்.'
அதற்குக் கீழே பொடி எழுத்தில்:
இயந்திரம் தயாரித்தது, கையொப்பம் இல்லாமலே செல்லும்.
நட்பு யாருடையது என்று தெரியவில்லை.

பூசி மெழுக எனக்குத் தமிழிலும் தெரியும்.
விளக்கை அணைக்க மாட்டோம், குளிர வைப்போம்.
செத்தவரைத் தவறிவிட்டார் என்போம்,
கை நழுவிய கிண்ணம் போல.
மங்கலம், இடக்கரடக்கல்:
இலக்கண வகுப்பில் ஒப்பித்தவை.
அந்தச் சொற்கள் கேட்பவர் காது நோகாமல் வளைந்தவை.
இந்தக் கடிதம் யார் காதுக்காக வளைகிறது?

இன்னொன்றும் ஒப்பித்தோம், குழூஉக்குறி.
தட்டார் பொன்னைப் பறி என்பார்களாம்,
எதிரே நிற்பவனுக்கு விளங்கக்கூடாதென்று.
ஆனாலும் பாருங்கள்,
அந்தச் சொல்லில் ஒரு கை நீளுவதாவது தெரிகிறது.

கம்பி எண்ணுவது. களி தின்பது.
மாமியார் வீடு என்றாலும்
அதில் ஒரு இளிப்பு இருக்கும், எவனும் ஏமாற மாட்டான்.
தண்டம் கட்டுவதைக்கூட
நாங்கள் அழுவது என்றுதான் சொல்கிறோம்.
அறுநூறு தண்டம் அழுதான்:
காசும் கண்ணீரும் ஒரே வினையில்.

"ஜெயில்," என்றேன்.

தலையாட்டினார்.
கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை.
கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தார்.
"உப்பிடி எழுதியிருந்தால்
போன மாசமே ஆரிட்டையும் மாறியிருப்பனே."

கோபம் எனக்கு வந்தது.
அதற்கு விண்ணப்பத்தில் கட்டம் இல்லை.

ஐந்து நாளில் இருநூற்றெண்பது சேர்ந்தது.
மிச்சத்துக்கு எட்டு நாள்.

திங்கட்கிழமை காலை.
ஃபோவிங்கெல் கடைசி நிறுத்தம், அங்கிருந்து பஸ்.
பிளாஸ்டிக் பையில் உள்ளாடைகள், சுத்தமானவை.
இயந்திரத்தில் சில்லறை போட்டு
டிக்கெட் எடுத்தார், முத்திரை குத்தினார்,
எனக்கும் காட்டினார்.
போக மட்டும்.

தண்டவாளம் தலைக்கு மேலே,
காலுக்குக் கீழே ஆறு.
வழி நெடுக அதைக் கையிலேயே பிடித்திருந்தார்,
ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவைப் பார்த்தபடி.
அன்றைக்கென்று பார்த்து
ஒரு பரிசோதகரும் ஏறவில்லை.